காலிப் படகின் வேகம்

ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் படகு முன்னேறவில்லை. இன்ஜின் கரும்புகை கக்கியது. புகை நேராகப் போய்ச் சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவையில் படிந்தது. அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மடியிலிருந்த நிச்சயத் தட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளினார்.

"இன்னா சம்பந்தி, டீசல் ஊத்தினீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா பெரியசாமி.

"ஊத்திருக்கேன் சம்பந்தி. கொஞ்சம் சூடாவட்டும், கிளம்பிடும்."

இன்ஜின் ஏற்கெனவே தொட முடியாத சூட்டில் இருந்தது. தருமலிங்கம் அதைச் சொல்லவில்லை. மீஞ்சூரிலிருந்து வேனில் வந்தவர்களைப் பழவேற்காட்டில் ஏற்றிக்கொண்டு, ஏரி தாண்டித் தன் ஊரான பசியாவரத்தில் இறக்குவதாகச் சொன்னவன் அவன்தான். "நம்ம படகு இருக்க, வாடகைப் படகு எதுக்கு?" என்று போனில் சொல்லியிருந்தான். வீட்டில் மகள் வினோதினி அலங்காரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மூன்று நாள் முன்பு டேவிட்டின் மெக்கானிக் கடைக்குப் போயிருந்தான். தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுகிற பித்தளை விசிறிகள் சுவரில் வரிசையாகத் தொங்கின.

"பழசு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டான் டேவிட்.

"வேகம் பத்தல."

டேவிட் இரண்டு விசிறிகளை எடுத்து அருகருகே வைத்தான். "இதப் பாரு, இதழ் நல்லா முறுக்கிக்கினு இருக்கா? ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் தள்ளும். காலிப் படகுன்னா பறக்கும். ஆளு ஏத்துனா இன்ஜின் சுத்த முடியாம திணறும். முறுக்கு கம்மியா இருக்கறது மெதுவாத்தான் போவும், ஆனா எவ்ளோ சுமையும் இழுக்கும். நீ இன்னா ஏத்தப் போற?"

"அங்கமுத்து எதப் போட்ருக்கான்?"

"அவன் ஒத்த ஆளாப் போறவன்யா."

"எனக்கும் அதையே குடு. நான் ஒண்ணும் ஏத்தல."

நிச்சயதார்த்தத்தைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதம் முழுக்க ஏரியில் அங்கமுத்துவின் படகு அவன் படகை முந்திக்கொண்டு போயிருந்தது.

நேற்று சோதித்துப் பார்த்தபோது படகு பறக்கத்தான் செய்தது. அங்கமுத்துவையே உட்காரவைத்து ஓட்டினான். இறால் பிடிக்கிற பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்த இடத்துக்குள்ளேயே விட்டான். அலை மோதி, அவர்களில் கஸ்தூரியம்மாள் பல்லால் கடித்திருந்த பறி கவிழ்ந்தது. அந்த ஓலைக்கூடையில் காலையிலிருந்து பிடித்த இறால் அவ்வளவும் தண்ணீருக்குப் போனது.

"மெதுவாப் போ நைனா," என்று கத்தினாள்.

"ஏரி இன்னா இவங்க பாட்டன் சொத்தா?" என்று அவன் சொன்னான். அங்கமுத்து சிரித்தான். அவனும் சிரித்தான்.

இப்போது படகு ஊர்ந்து ஊர்ந்து அதே இடத்துக்கு வந்திருந்தது. இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நீர் முகத்துவாரத்துக்கு வடிந்துகொண்டிருந்தது. அது படகைப் பக்கவாட்டில் இழுத்துப்போய்ச் சேற்றில் உட்காரவைத்தது. விசிறி எதிலோ இடித்த சத்தம் கேட்டது. கோலை ஊன்றித் தள்ளிப் பார்த்தான். இத்தனை பேரோடு படகு அசையவில்லை.

"எறங்கித்தான் நடக்கணும்போல," என்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பட்டோடயா?" என்றார் சம்பந்தியம்மா.

குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கஸ்தூரியம்மாள் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நேத்து பறந்துச்சே நைனா."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

"தட்ட இப்டி குடுங்கம்மா. என் கையப் புடிச்சிக்கினு நான் கால் வைக்கற எடத்துல வைங்க. அந்தாண்ட போனா முட்டி வரைக்கும் சேறு."

தாம்பாளங்கள் பெண்களின் தலைக்கு ஏறின. பெரியசாமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேட்டியைத் தூக்கிக் கட்டினார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் பின் ஒருவராக ஏரிக்குள் நடந்தார்கள். பசியாவரத்துக் கரையில் ஊரே நின்று பார்த்தது. தருமலிங்கம் கடைசியாக நடந்தான்.

"இவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று சம்பந்தியம்மா கேட்பது காதில் விழுந்தது.

"நேத்து இப்டிக்கா போனாரு," என்றாள் கஸ்தூரியம்மாள். சேற்றைக் காலால் தடவி அடுத்த அடி வைத்தாள்.

கரையேறியதும் சம்பந்தியம்மா அவள் கையை விடவில்லை. "வாங்க, சாப்டுட்டுதான் போணும்."

அவன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. விருந்தாளி அழைத்துவிட்டார்.

"ஒடம்பெல்லாம் சேறும்மா. நேத்து கொட்டினதையும் சேத்து இன்னிக்குப் புடிக்கணும்." தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். 'கொட்டினது' என்றால் என்ன என்று சம்பந்தியம்மா அவனைக் கேட்டார். இறால் என்று மட்டும் சொன்னான்.

நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாடகைப் படகில் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் காலை, மனைவி செவ்வந்தி கருவாட்டுப் பாய் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த பழைய விசிறியை எடுத்துத் துடைத்து மாட்டினான். பாய்க்கு அவள் ஒரு கல்லை வைத்தாள். புதியதை டேவிட் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மடங்கிய இதழைக் காட்டினான். கடையிலிருந்து திரும்பி வரும் வழியில் இறால் பிடிக்கிற இடத்துக்கு முன்னாலேயே இன்ஜினை நிறுத்திக் கோல் போட்டான். கஸ்தூரியம்மாள் பறியைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நிமிரவில்லை. அங்கமுத்து கையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் பாய்ந்து போனான். அலை வந்தது. பெண்கள் பறிகளை அணைத்துப் பிடித்து, அலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அது அடங்கியதும் மறுபடி குனிந்தார்கள். தருமலிங்கம் கோலை ஊன்றினான்.