வாய் கொப்பளித்த தண்ணீர்

சித்திரையில் என் வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்க உத்தமபாளையத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எவ்வளவு வெயிலடித்தாலும் கொடுக்கிற தண்ணீரில் வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பிவிடுவார்.

“வெயிலு கொல்லுதுக்கா, குடிங்க” என்று ஒருநாள் சத்தம் போட்டேன்.

“குடிச்சா ஒதுங்க எங்கன போறது தம்பி? சுத்தி வெட்டவெளி. அங்கன ஆம்பளையாளுக மருந்தடிச்சுக்கிட்டு நிக்கிறாக.”

நான் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பாத்தியிலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இப்போது வரப்போரம் நாலு தகரம் அடித்து மறைப்பு கட்டியிருக்கிறேன். களையெடுக்கும் பெண்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறார்கள்.

அதைக் கட்ட எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை.