முன் டேபிளில் இரண்டு இலை

தமயந்தி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஓட்டலில் பொங்கலுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். போனில் அவருடைய மகள் கவிதா. "சித்தி, அம்மா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள..." பொங்கல் வந்தது. தொடாமல் எழுந்தேன். "ஏம்மா, சரியில்லையா?" என்று சர்வர் பதறினார். அக்காவாக இருந்தால் அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படியிறங்கியிருப்பார். நான் காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அக்காவும் நானும் விவசாயத் துறையில் இருபத்தெட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். குறுவை, சம்பா என்று போகம் மாறும். நாங்கள் இருவரும் வயல் பார்க்கப் போவது மாறாது. ஊர் ஊராக அலைகிற வேலையில் மதியச் சாப்பாடு எப்போதும் ஓட்டலில்தான். ஆகவே அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அலுவலகம் அல்ல, ஏதாவது ஒரு சாப்பாட்டு மேசை.

துக்க வீட்டுக்குப் போகும் வழியில், அக்காவின் ஊர்க் கடைத்தெருவில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். "எங்கள் உணவகத்தின் நீண்டகால வாடிக்கையாளர், பாசமிகு சகோதரிக்குக் கண்ணீர் அஞ்சலி." ஊர்ப் பெயரையும் ஓட்டல் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அந்த ஃப்ளெக்ஸில் அக்காவின் முகத்தைவிட ஓட்டலின் பெயர்தான் பெரிதாக இருந்தது. நானும் சேர்ந்து விளம்பரம் செய்ய வேண்டுமா? படத்தில் அக்கா அந்த ஓட்டலின் முன் டேபிளில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவரை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஓரத்தில் இலைமேல் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.

இந்த இரங்கல் கட்டுரையைக் கேட்ட நண்பர், மறைந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுங்கள் என்றார். அக்காவைப் பற்றி நல்லதைத்தான் எழுதப்போகிறேன். அந்த ஓட்டல் முதலாளியைப் பற்றியும் நல்லதுதான் எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைப் பார்க்கப் போனோம். மதியம் ஒரு சின்ன மெஸ். முருங்கைக்காய் சாம்பாரும் வாழைப்பூ வடையுமாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் தட்டுதான். விருந்தென்றால் ஒரே பெரிய தாலத்தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். இலை மடிக்கிற முறையெல்லாம் எனக்குத் தெரியாது. என் பக்கத்து ஓரத்தைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மூடிவிட்டு எழுந்தேன். பரிமாறியவர் முகம் செத்துப்போயிற்று. உள்ளேயிருந்து மெஸ்காரரே கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்ன கொறை தாயி? உப்பு தூக்கலாயிடுச்சா?"

அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஒரு கொறையும் இல்லண்ணே. இந்தப் புள்ள எலைக்குப் புதுசு. ஒன்னும் நெனைச்சுக்காதீங்க." பிறகு என்னிடம், "நம்ம பக்கமா மடிச்சா வயிறு நெறைஞ்சுது, திரும்ப வருவோம்னு அர்த்தம் ஜமீலா. அந்தப் பக்கம் மடிக்கிறது எழவு வீட்டுல. ஓட்டல்ல மடிச்சா, ஒனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு மூஞ்சில சொல்ற மாதிரி" என்றார். மெஸ்காரர் சமாதானமாகி எனக்கு ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து அக்கா இலை மடிப்பதைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அவரோடு சாப்பிடுவது ஒரு கூத்து. சர்வர் மூச்சு விடாமல் பட்டியல் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பார். "எல்லாம் சொல்லிட்டீங்களா தம்பி? இப்ப சொல்லாத ஒன்ன சொல்லுங்க" என்பார். பாதி ஓட்டல்களில் அந்தச் சொல்லாத ஒன்றுதான் நன்றாக இருக்கும். பூம்புகாரில் ஒரு மழை நாளில் அப்படித்தான், சமையல்காரம்மா தனக்கென்று வைத்திருந்த நெத்திலிக் குழம்பு எங்கள் இலைக்கு வந்தது. கை கழுவியதும் அக்கா நேராக அடுப்படிக்குப் போய் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். குடவாசலில் ஒருமுறை சாதம் களியாகக் குழைந்து வந்தது. அப்போதும் இலையைத் தன் பக்கமே மடித்தார். "அடுப்புல வெந்து ஆக்குறாங்க. அவங்க மனச நோகடிச்சு எனக்கென்ன ஆவப்போவுது?" என்றார்.

பெண்கள் என்றால் ஃபேமிலி ரூமைக் காட்டுவார்கள் அல்லவா, அதற்குள் மட்டும் காலை வைக்க மாட்டார். "எனக்குக் குடும்பம் வீட்டுல இருக்கு. இங்க சாப்பிடத்தான் வந்தேன்" என்று வாசலைப் பார்த்த முதல் மேசையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஓர் ஓட்டலில் மட்டும் இலையை எதிர்ப்பக்கம் மடித்தார். சொந்த ஊர் ஓட்டலில். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஒரு மாதமும் தவறாமல்.

முதல் தடவை என்னை அங்கே அழைத்துப் போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே நுழைந்ததும், "முன் டேபிள். ரெண்டு எல" என்றார். அக்காவின் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார்; எனக்குத் தனியாக மூன்றாவது இலை விழுந்தது. அந்த ஓட்டல் சாம்பாரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன், தஞ்சாவூர் வட்டாரத்தில் அதற்கு ஈடு கிடையாது. அக்காவும் சொட்டு விடாமல் சாப்பிட்டார். பிறகு நிதானமாக, கல்லாவிலிருந்த முதலாளி பார்க்கும்படி, இலையை அந்தப் பக்கம் மூடினார்.

"சாப்பாடு புடிக்கலயா மேடம்?" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார். அவருடைய அப்பா பண்ணைக் கூலி. விடியற்காலையில் ஆற்றுப் படுகையில் வாழை இலை அறுத்துக் கட்டுக் கட்டாக அந்த ஓட்டலுக்குச் சுமந்தவர். ஊரே அவர் கொண்டுவந்த நுனியிலையில் சாப்பிட்டது. அவருக்கு மட்டும் கொல்லைப்புறத்தில், சாக்கடை ஓரம், கிழிசல் இலையில் நின்றபடி இட்லி. குடித்த டம்ளரை அவரே கழுவிச் சுவரில் கவிழ்க்க வேண்டும். காரணம் சாதி. வேறு எதுவும் இல்லை.

அக்காவுக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்தபோது, அப்பாவை அதே ஓட்டலுக்கு வாசல் வழியாக அழைத்துப்போய் முன் டேபிளில் உட்காரவைத்திருக்கிறார். இலையும் போட்டாயிற்று. அப்போது கல்லாவில் இருந்த முதலாளியின் மகன் எழுந்து வந்தான். "மேடம், நீங்க உள்ள ஃபேமிலி ரூம்ல உக்காருங்க. பெரியவரு பின்னாடியே சாப்புடுவாரு. அவருக்கு அதான பழக்கம்?" அப்பா உடனே எழுந்துகொண்டார். "அவரு சொல்றது சரிதாம்மா" என்று தலையைக் குனிந்தபடி கொல்லைக்குப் போய்விட்டார். மறு வருடம் இறந்தும் போனார். அன்று கல்லாவில் இருந்த மகன்தான் இன்றைய முதலாளி. கண்ணீர் அஞ்சலிக்காரர்.

"அப்பா எந்திரிச்சப்ப நான் கையப் புடிச்சு உக்கார வைக்கல ஜமீலா. வாயடைச்சுப் போயி நின்னேன்" என்றார் அக்கா. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்பாவுக்குப் பிறகு இலைக்கட்டு சுமந்தவர் அதே தெருக்காரரான முருகையன். அவருக்கும் அதே கொல்லைப்புறம்தான். அன்று எதிரே வந்து உட்கார்ந்தவர் அவர்தான்; அக்கா சொன்ன இரண்டாவது இலை அவருக்கு. முதல் மாதம் அவர் வர மாட்டேன் என்று பின்வாங்கினாராம். "நீங்க உக்காரலன்னா நானும் சாப்புடல அண்ணே" என்று அக்கா கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி வந்து, "அவரு நம்ம வேலையாளு மேடம்" என்று இழுத்தார்.

"அவரு சொமந்த எலையிலதான் ஊரே திங்குது. அவரு தின்னா எல அழுதுடுமா?" என்று கேட்டார் அக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி.

அதிகாரியைப் பகைக்க முதலாளிக்குத் தைரியம் இல்லை. மாதாமாதம் முருகையனுக்கு முன் டேபிளில் நுனியிலை விழுந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: முருகையன் இலையைத் தன் பக்கம்தான் மடிப்பார். "நாளைக்கும் இதே கடைக்குத்தான எல போடணும் தாயி" என்பார். அக்கா அவரை வற்புறுத்தியதே இல்லை.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், அக்கா யாரையும் மன்னிக்கும் பெரிய மனசுக்காரர் என்று பேசினார். அபாண்டம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வெள்ளிக்கிழமையை விடாதவர் அவர். போதுமே அக்கா என்று ஒருமுறை நானே சொல்லிப் பார்த்தேன். "மன்னிச்சா அவன் நல்லா தூங்குவான். எங்கப்பாவுக்கு என்ன கெடைக்கும்? பெரியவர எழுப்புனது தப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயால சொல்லட்டும். அன்னைக்கே எலைய என் பக்கம் மடிக்கிறேன்" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அக்கா மன்னிக்காமலே போனார். அதற்காகவே அவரை இரண்டு மடங்கு மதிக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஏ.சி. ஹால் திறந்தபோது முதலாளி எடுத்த படம்தான் ஃப்ளெக்ஸில் இருப்பது. அதில் வெட்டப்பட்டவர் முருகையன். செத்த பிறகும் அக்காவின் எதிரே அவர் உட்கார்ந்திருப்பது அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை.

போதாததற்குத் துக்க வீட்டுக்கே வந்து, பதினாறாம் நாள் சாப்பாடு முழுக்கத் தன் ஓட்டலிலிருந்து இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார். கவிதாவும் அம்மாவைப் போலத்தான். "வேணாங்க. எங்க வீட்டுல அடுப்பு எரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த முதல் வெள்ளிக்கிழமை நானும் முருகையனும் போனோம். "முன் டேபிள். ரெண்டு எல" என்றேன். குரல் அக்காவுடையதைப் போல வரவில்லை, ஆனாலும் வந்தது. முதலாளி ஓடி வந்து கும்பிட்டார்.

"மேடம் போனது எனக்குப் பெரிய எழப்பும்மா. கூடப் பொறந்த மாதிரி."

அக்கா காத்திருந்த வார்த்தையைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "அவங்க அப்பாவ இதே டேபிள்லேருந்து எழுப்புனீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் அந்தக் காலம்மா. இப்ப யாரு அதெல்லாம் பாக்குறா? சாப்புடுங்க."

சாப்பிட்டோம். சாம்பார், ரசம், மோர் எதையும் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஃப்ளெக்ஸில் அக்கா இருந்தார், ஓரத்தில் அந்தக் கை இருந்தது. நான் என் இலையை எதிர்ப்பக்கமாக மூடினேன். முதலாளி அதைப் பொருட்படுத்தவில்லை. என்னை எதிர்பார்த்துத்தான் இருந்திருப்பார். அவர் பார்வை முருகையன் பக்கம் போனது. ஃப்ளெக்ஸில் மிச்சம் வைத்த அதே கை, இலையின் கிட்டத்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மெதுவாக அந்தப் பக்கம் மூடி அழுத்தியது.

"முருகையா! என்னய்யா இது?"

"எழவு வீட்டுச் சாப்பாடு மொதலாளி" என்றார் முருகையன். "இப்புடித்தான் மடிக்கணும்."

போய் வாருங்கள் அக்கா. அடுத்த மாதத்து வெள்ளிக்கிழமைக்கும் ரெண்டு எல சொல்லிவிட்டுத்தான் நாங்கள் கை கழுவப் போனோம்.