பலகையில் ஒரு துளை

என் கணவருக்குத் துவக்குப் பிடித்துச் சுடத் தெரியும் என்பது கலியாணத்துக்கு முந்தியே எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று கிணற்றடியில் நின்று அவரே சொன்னார். "வன்னியிலை இருக்கேக்கை, பதினாறு வயசிலை இயக்கத்துக்கு என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவை. உங்களுக்குச் சொல்லாமல் கட்டக்கூடாது. வேறை ஆருக்கும் சொல்லாதேங்கோ." நான் வாய்க்காரி. எந்தக் கதையும் என் வாயில் தங்காது. இந்த ஒன்றை மட்டும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இப்போதும் மோட்டார் சைக்கிளில் வந்து, "சும்மா கதைச்சிட்டுப் போகத்தான் வந்தனாங்கள்" என்று கதிரை கேட்டு உட்காருகிற புலனாய்வுக்காரர்கள் உண்டு. அவர்கள் எங்கள் படலையைத் திறக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

யார் பழக்கியது என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு அண்ணை. அவருக்கும் மீசை வடிவாய் முளைக்கேல்லை. முதல்லை தடிதான் தந்தவர்."

அந்த அண்ணை பிறகு என்னவானார் என்று கேட்டேன். இவர் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

போன வருடம் மானிப்பாயில் கோயில் திருவிழாவுக்குப் போனோம். கச்சான் கடலைக் கடைகளுக்குப் பக்கத்தில் பலூன் சுடும் கடை ஒன்று இருந்தது. பலகையில் வரிசையாகப் பலூன்கள், ஒரு காற்றுத் துவக்கு, ஆளுக்கு ஐந்து குண்டு. மகளோடு படிக்கிற பிள்ளைகள் அங்கே நின்றார்கள். அவர்களுடைய அப்பாமார் ஒன்றையோ இரண்டையோ உடைத்துவிட்டுப் பெரிய வீரர்கள் மாதிரித் திரும்பிப் பார்த்தார்கள். மகள் இவருடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம் பிள்ளை, வா, ஐஸ்கிறீம் குடிப்பம்."

"எல்லாற்றை அப்பாமாரும் சுட்டவை. நீங்களும் சுடுங்கோ அப்பா!"

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுத்தால் அதுவும் ஒரு கதையாகிவிடும். இவர் துவக்கை வாங்கினார்.

ஐந்து குண்டும் முடிந்தது. ஒரு பலூனும் உடையவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். சிவப்புப் பலூனுக்கும் மஞ்சள் பலூனுக்கும் நடுவில் புதிதாக ஒரே ஒரு துளை. ஐந்தும் அதற்குள்தான் போயிருந்தன. அட பாவி மனிசா, தவறவிடக்கூட உனக்கு ஒழுங்காகத் தெரியவில்லையே!

கடைக்காரரும் கண்டுவிட்டார். இவருடைய வயதுதான் இருக்கும். துளையைப் பார்த்தார், இவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த இடத்தை மறைத்து ஒரு பச்சைப் பலூனைக் கட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அண்ணைக்குக் கைப்பழக்கம் இல்லைப் போலை கிடக்கு!" அவரை யார் பழக்கினார்களோ, எனக்குத் தெரியாது.

மகள் வீடு வரும்வரை அழுதாள். "எல்லாற்றை அப்பாவும் ஒண்டாவது உடைச்சவை. உங்களுக்கு மட்டும் ஒண்டும் தெரியாது!"

"ஓம் பிள்ளை, அப்பாவுக்குத் தெரியாது," என்றார் இவர். அந்த அழுகையோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இந்த வருடம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் மாணவர் படைக்கு ஆள் சேர்த்தார்கள். சுடவும் பழக்குவார்களாம். எங்களைக் கேட்காமலே கையை உயர்த்திவிட்டு வந்திருக்கிறாள்.

"ஆர் பழக்குறது?" என்றேன்.

"ஆமிக் காம்பிலையிருந்து ஒரு சேர் வாறவர். தமிழ் கொஞ்சம் கதைப்பார். நல்லவர் அம்மா."

நான் கத்திய கத்தில் வீடு இரண்டுபட்டது. "ஏன் கூடாது? சொல்லுங்கோவன்!" என்று அவளும் கத்தினாள். என்னத்தைச் சொல்ல? இருக்கிற ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. இவர் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டடிக்குப் போனார்.

முதல் நாள் பழகிவிட்டு வந்தவள், உடுப்பும் மாற்றாமல், மூலையில் கிடந்த, வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

"சேர் முதல்லை தடிதான் தந்தவர் அப்பா. இஞ்சை வாங்கோ, நான் உங்களுக்குப் பழக்குறன். வாற திருவிழாவிலை எல்லாரும் பாக்க நீங்கள் உடைக்கவேணும்."

இவருடைய முகம் செத்துவிட்டது. உதறிவிட்டு எழும்பிப் போவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. தடியை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் தோளோடு வைத்தார். முழங்கையை இறக்கச் சொன்னாள். இறக்கினார்.

"ஆடாதேங்கோ அப்பா. ஒரு கண்ணை மூடுங்கோ."

"எந்தக் கண்ணை பிள்ளை?" என்று கேட்டார்.