பதினொரு நாய்களோடு வந்த சிஞ்ஞோரா

நாய்களுக்காகக் கொதிக்கவைத்த இறைச்சித் தண்ணீரின் ஆவி மீசையில் படும்... இரண்டு மூச்சு விடுவதற்குள் அப்படியே உறைந்துவிடும். நோர்வேயின் வடக்கில் நான் இருந்த அந்த இரண்டு மாதங்களை நினைத்தால், முதலில் வருவது அந்த விறைப்புத்தான். இதை உங்களில் பலருக்கு நான் சொன்னதில்லை.

இத்தாலியில், பலெர்மோவுக்கு வந்து நாலாவது வருடம் அது. வீடு பக்கத்து ஊரான பகேரியாவில். காலையில் ரயிலேறி, பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு மிருக வைத்தியரின் வீட்டுக்கு வேலைக்குப் போவேன். ஐம்பது வயதுப் பெண். இத்தாலியில் மரியாதைக்குச் சொல்வதுபோல, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். குளிர்காலம் வந்தால் அவர் வடக்கே நோர்வேக்குப் போய்விடுவார். அங்கே ஒரு சிநேகிதியோடு சேர்ந்து நாய்கள் வளர்த்தார். அவற்றைச் சறுக்குவண்டியில் பூட்டி, நாள்கணக்கில் பனியில் பந்தயம் ஓடுவார்.

அந்த வருடம் அவருடைய உதவியாளுக்குக் கால் முறிந்துவிட்டது. என்னைக் கேட்டார்.

என் மனுசி சிரித்தாள். “ஆக்கள் வெயிலைத் தேடி இஞ்சை வருகினம். நீங்கள் பனிக்குள்ளை நாய் பாக்கவோ போறியள்?”

“ஓம், போய்த்தான் பாப்பமே.”

பன்னிரண்டு நாய்கள். நாற்பத்தெட்டுப் பாதங்கள். ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்த்து, களிம்பு பூசி, துணிச் சப்பாத்து மாட்ட வேண்டும். முதல் நாள் எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. விரல்கள் மரத்துப்போய், கடைசிச் சப்பாத்தைப் பல்லால் இழுத்துக் கட்டினேன்.

பந்தயம் தொடங்கும் இடத்தில் நாய்கள் போட்ட கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பது கேட்காது. துள்ளும், ஊளையிடும், கயிற்றைக் கடிக்கும். வண்டி நகராமல் இருக்கப் பனியில் குத்தியிருந்த கொளுவியை சிஞ்ஞோரா இழுத்தார்... அவ்வளவுதான். ஒரு சத்தமில்லை. பன்னிரண்டு நாய்களின் மூச்சும், பனியில் வண்டி வழுக்கும் சரசரப்பும் மட்டும்.

சிநேகிதி வான் வண்டியை ஓட்ட, நாங்கள் றோட்டால் ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் போனோம். பந்தய விதிப்படி நடுவழியில் நான் நாய்களைத் தொடக்கூடாது. தள்ளி நின்று பார்க்கலாம்.

மூன்றாவது தங்குமிடத்துக்கு சிஞ்ஞோரா மூன்றாவதாக வந்தார். அவர் அவ்வளவு முன்னுக்கு ஓடியது அதுவே முதல் தடவை. வைக்கோல் விரித்து, நாய்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

மற்ற நாய்கள் சுருண்டு கிடந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி வழிநடத்தும் நேவே மட்டும் தூங்கவில்லை. வலது முன்காலை நக்கிக்கொண்டே இருந்தது. எழும்பியபோது அந்தக் காலைக் கடைசியாகத்தான் ஊன்றியது.

சொன்னால் அவருடைய பந்தயம் குழம்பும். சொல்லாவிட்டால்... அவர் புறப்பட எழும்பியபோதுதான் கிட்டப் போனேன்.

“சிஞ்ஞோரா, நேவே அந்தக் காலை விடாமல் நக்குது.”

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தார். நேவேயின் முன்காலை மணிக்கட்டில் மெல்ல மடக்கினார். நேவே கத்தவில்லை. முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டது.

“வலிச்சாலும் இவள் சொல்ல மாட்டாள். நீ சொன்னது நல்லது.”

கயிற்றைக் கழற்றி, நேவேயைப் பந்தயத்திலிருந்து விலக்கி என் கையில் தந்தார். இளம் நாய் ஒன்றை முன்னால் பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். வண்டி மறைந்த பிறகும் நேவே போட்ட ஊளையை என்னால் தாங்க முடியவில்லை. என்னையும் பனியில் இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடப் பார்த்தது.

அடுத்த நாள் மதியம், முடிவிடத்தில் நின்றோம். காற்று பனியை அள்ளி வீசியது. போனில் சிக்னல் இல்லை. மூன்றாவது ஆள் வந்தார், நாலாவது வந்தார், ஆறாவது வந்தார். சிஞ்ஞோராவைக் காணவில்லை.

வைக்கோலில் படுத்திருந்த நேவே திடீரென்று எழுந்து நின்றது. காதுகள் முன்னுக்கு வந்தன. உடம்பு நடுங்கியது. எங்களுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. நல்ல நேரம் கழித்துத்தான், தூரத்து மேட்டில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு... பதினொரு நாய்கள்.

ஒன்பதாவது இடம்.

யாரோ கோப்பியை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. ஒவ்வொரு நாயின் முன்னாலும் பனியில் முழங்காலிட்டு, சப்பாத்துகளைக் கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ சொன்னார். கடைசியாக நேவேயிடம் வந்து அதன் வீங்கிய காலைத் தடவிப் பார்த்தார்.

“இன்னும் ஒருக்கா ஓடியிருந்தால் இந்தக் கால் போயிருக்கும்” என்றார். இழந்த இடத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

இப்போது சிஞ்ஞோரா ஓடுவதில்லை, முழங்கால் விடுவதில்லை. நேவேயும் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. பந்தயங்கள் போனிலேயே வருகின்றன. ஒவ்வொரு வண்டியும் ஒரு சின்னப் புள்ளி. எங்கே போகிறார்கள், என்ன வேகம், எல்லாம் தெரியும். சிலவேளை ஒரு புள்ளி நடுவழியில் நின்றுவிடும்.

“அப்பா, இவை ஏன் நிக்கினம்? பெர்க்கே?” என்று மகள் இரண்டு பாஷையிலும் கேட்பாள்.

“தெரியேல்லையம்மா.”

எந்த நாய்க்கு எந்தக் கால் நோகிறது என்று அந்தப் புள்ளி காட்டாது. அது மறுபடி நகரும்வரை நான் போனைக் கீழே வைப்பதில்லை.