அயர்ன் மாத்திரைக்கு மசியாத என் ரத்தம்

இன்றைக்கு ரிசல்ட் வந்துவிட்டது மக்களே!

நான் மாசமாக இருப்பது உங்களுக்குத் தெரியும். ரத்தம் கம்மி என்று இங்கே புலம்பியதும் தெரியும்.

மாத்திரை போட்டும் ஏறவில்லை. பழி முழுக்க என் வாய் மேல்தான்! (சாப்பிடுகிற வாய், பேசுகிற வாய், இரண்டின் மேலும்.)

"சாப்டாம கொள்ளாம போனையே நோண்டினு இருந்தா ரத்தம் எங்கேர்ந்துடி ஊறும்?"

இது என் மாமியார். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. எனக்கு எப்போதும் அத்தைதான், அதனால் திட்டும் உரிமை டபுள்!

ஜோகுபாளையத்தில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மா ஒருநாள் என் ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"இவங்க நல்லாதான் சாப்பிடறாங்கம்மா. இரும்புச்சத்து போதுமான அளவு இருக்கு. ஆனா சிவப்பணு ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னதா இருக்கு. வேற காரணம் இருக்கணும். இன்னொரு டெஸ்ட் பார்த்துடலாம்."

(அத்தையின் முகத்தை போட்டோ எடுக்காமல் விட்டேனே!)

அந்த டெஸ்ட்டின் ரிசல்ட் வந்த அன்றுதான் தெரிந்தது. நான் தலசீமியா கேரியர், அதாவது ரத்தம் சரியாக ஊறாத ஒரு பரம்பரைக் கோளாறை லேசாகச் சுமப்பவள். பிறக்கும்போதே வந்ததாம், எனக்குப் பெரிய தொந்தரவு இல்லையாம்.

அப்பாடா என்று எழுந்தேன். டாக்டர் உட்காரச் சொன்னார்.

"வீட்டுக்காரர் சொந்தமா?"

"அத்தை பையன் டாக்டர்."

"அப்போ அவருக்கும் உடனே பார்க்கணும். ரெண்டு பேருக்கும் இருந்தா குழந்தைக்குப் பெரிய அளவுல வரலாம். மாசாமாசம் ரத்தம் ஏத்தற மாதிரி ஆகலாம்."

அத்தை குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்ல எல்லாருமே வெளுத்துப் போய்தான் டாக்டர் இருப்போம். பரம்பரையே அப்படின்னு விட்டுட்டோம்."

உடனே என் வீட்டுக்காரன் பிரபுவை வரச் சொன்னேன்.

பிரபு அன்றே டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தான். அதன் பிறகு வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது!

இன்றைக்கு டாக்டர் பேப்பரைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு இல்லம்மா. மிஞ்சிப் போனா குழந்தையும் உங்கள மாதிரி இருக்கும், அவ்ளோதான். தைரியமா இருங்க."

கேவிக் கேவி அழுதேன். கர்சீப் கொடுக்க வேண்டிய பிரபு, அதில் தன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்!

கிளம்பினோம். அத்தை மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"என் பொண்ணு தீபாவ இவ தம்பிக்குத்தான் பேசி வெச்சிருக்கோம் டாக்டர். அதுங்க ரெண்டுக்கும் பார்த்துடுங்க. அப்புறம்தான் கல்யாணத் தேதி."

இந்தக் கல்யாணம் பற்றி என் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை எதற்காகவும் தள்ளிப் போடாத அத்தை! (இது அபூர்வம், குறித்துக்கொள்ளுங்கள்.)

சந்தாபுராவில் இருக்கும் தம்பிக்கு அங்கிருந்தே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, ஊசின்னா எனக்கு பயம்க்கா!"

அத்தை போனைப் பிடுங்கினார்.

"டேய் மருமவனே! என் பொண்ணு கையப் புடிக்கணும்னா, மொதல்ல இங்க வந்து உன் கைய நீட்டு!"