மார்கழி நிலாவுக்கு நாற்காலி போட்டவர்

என் வீட்டுக்காரருக்குக் கணுக்கால் பிசகி, டாக்டர் நடக்கவே கூடாது என்று சொல்லியிருந்த மார்கழி அது. திறந்தவெளிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஷிப்டுக்குப் போய்வருகிறவர். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. முதல் வாரம் என் சமையலைத் திருத்தினார். அடுத்த வாரம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போய்விட்டார்.

ஒருநாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"இன்னைக்குப் பௌர்ணமி, தெரியுமா? குளிர்காலப் பௌர்ணமிய விட்டுடக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"போன்ல போட்டிருக்கான்."

யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி உடைக்கிற வேலை கிடந்தது. ஆனால் அவர் அதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் படியேற ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குத் திருவாதிரை. கீழ் குவார்ட்டர்ஸ் அக்கா களியும் கூட்டும் கொண்டுவந்தவர், நடக்கிற கூத்தைப் பார்த்துவிட்டு எங்களோடு மேலே வந்தார். நாற்காலிகளைத் தூக்கியது நாங்கள் இரண்டு பேரும்தான்.

"எந்தப் பக்கம் திருப்பிப் போடணுங்க சார்?"

"காலையில சூரியன் அந்த வாகை மரத்துக்கு நேராத்தான் வந்துச்சு. நிலாவும் கிழக்கதானே வரணும்? அங்க பாத்துப் போடுங்க."

சினிமாக் கொட்டகையில் உட்காருகிற மாதிரி வரிசையாக உட்கார்ந்தோம். முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிப்போனது. மரம் மரமாகவே இருந்தது. கொசு மட்டும் எங்களைச் சரியாகக் கண்டுபிடித்தது.

"மேகம் மறைச்சிருக்கும்" என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கொசுவை அடிக்கப்போன அக்கா தற்செயலாக இடப்பக்கம் திரும்பினார். "ஐய, நாம இங்க பாத்துகினு இருக்கோம், அது அங்க வந்து நிக்குது டீச்சர்!"

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழுத்த பப்பாளி நிறத்தில், முழுசாக ஏறியிருந்தது.

"போன்ல போட்டவன் நம்ம பிளாக்குக்கு வந்து பாக்கல போல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து மாடி நடுவில் போய் நின்றார். சூரியன் விழுந்த இடத்தில் இன்னும் சிவப்பு மிச்சம் இருந்தது. ஒரு கையை அங்கே நீட்டினார், இன்னொரு கையை நிலாப் பக்கம் நீட்டினார். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி அப்படியே நின்றார்.

"சாருக்குக் கால்தானே பிசகிச்சு?" என்று அக்கா என் காதில் கேட்டார்.

"நேர் எதிர்!" என்று கத்தினார் இவர். "என் ரெண்டு கையும் ஒரே கோடு பாரு! பௌர்ணமின்னா சூரியனுக்கு எதிர்ல நிக்கணும். இப்ப சூரியன் தெக்க தள்ளி இறங்குது. அப்ப நிலா வடக்க தள்ளித்தானே ஏறும்!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. "கோடையில நம்ம அடுப்படி ஜன்னல் வழியா காலையில வெயில் அடிக்குமே, அந்த இடங்க அது."

"அதேதான்! கோடையில சூரியன் போற வழியில இப்ப நிலா போகுது. நல்லா உச்சிக்கு ஏறும். கோடையில நிலா தெக்கால தாழ்ந்து போயிடும்."

"வெயிலுக்கு வழிய வுட்டுட்டு ஒதுங்கிப் போவுது" என்றார் அக்கா.

"டீச்சரா இருந்துகிட்டு உனக்கு இது தெரியாதா?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். தோற்றதை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே.

"நான் தமிழ் டீச்சருங்க. எந்தப் பக்கம் வந்தாலும் எங்களுக்கு அது உவமைதான்."

தன் வீட்டுக்காரரை ஷிப்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அக்கா இறங்கிப் போனார். நாங்கள் களியைச் சாப்பிட்டோம். நிலா மஞ்சளைக் கழுவிக்கொண்டு வெளுத்து ஏறியது. வாகை மரத்தின் இலை ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். "நைட் ஷிப்டுல எத்தனை தடவை இது என் தலைக்கு மேல நின்னிருக்கும். அங்க எரியுற லைட்டோட இதுவும் ஒரு லைட்டுன்னு விட்டுட்டேன்."

பனி இறங்க ஆரம்பித்திருந்தது. என் சால்வையின் ஒரு பாதியை அவர் தோளில் போட்டேன்.

"கீழ போலாமாங்க?"

"இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்றார்.

நானும் உட்கார்ந்திருந்தேன்.