கரண்ட் இழுக்காத அறை

வங்காளத்தில், டாக்குரியா என்ற பகுதியில் நான் குடியிருக்கும் மொட்டைமாடி அறைக்கு, கட்டடங்களை அளக்கும் ஒரு மென்பொருள் பச்சை நிறம் காட்டியது. பச்சை என்றால் மிக நல்ல கட்டடம், திருத்த ஒன்றுமில்லை என்று பொருள். கோடைக்காலப் பிற்பகலில் அந்த அறைச் சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது. படுக்கை விரிப்பை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டுதான் படுப்பேன்.

பச்சை கிடைத்தது ஒரு பயிற்சி வகுப்பில். கட்டடம் வடிவமைப்பவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பருவநிலை மாற்றத்தைப் பற்றிச் சனிக்கிழமைதோறும் நடக்கும் வகுப்பு அது. ஏசியின் குளிர் தாங்காமல் பாதிப் பேர் துப்பட்டாவையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு புவி சூடாவதைப் பற்றிக் குறிப்பெடுப்போம்.

என்னை அனுப்பியது நான் வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்ட் அலுவலகம். அங்கே எந்தக் கட்டடம் வந்தாலும் எனக்குக் கழிப்பறை வரைபடம்தான். டைல்ஸ் எந்த மூலையில் தொடங்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு அதுதான் விதி. "சர்ட்டிஃபிகேட்டோட வா, நியூ டவுன்ல நாம கட்டப்போற டவர் டீம்ல உன்னைப் போடறேன்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு சனிக்கிழமையையும் தவறவிட்டதில்லை.

கடைசித் தேர்வு ஒரு ப்ராஜெக்ட். ஏதாவது ஒரு கட்டடத்தின் சுவர், ஜன்னல், விளக்கு, ஏசி எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றி, வருடத்துக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்து, அதைக் குறைத்துக் காட்ட வேண்டும். ஆளாளுக்கு மால், ஐடி வளாகம், ஆஸ்பத்திரி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் என் அறையை எடுத்தேன். ஒரு ஃபேன், ஒரு லைட், ஃபோன் சார்ஜர். கரண்ட் எங்கே இழுக்கும்? உள்ளே இருப்பவன் வேகிறானா என்று அந்த மென்பொருள் கேட்கவே இல்லை.

பயிற்சி தந்தவர் ஒரு வங்காளிப் பேராசிரியர். என் திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதுல குறைக்க என்ன இருக்கு, மெட்ராஸ்? ஃபேனைக் கழட்டப் போறியா?"

வகுப்பே சிரித்தது. பிறகு அவர் அன்பாகத்தான் சொன்னார். "உங்க ஆபீஸ் வரையற டவரை எடுத்துக்கோ. கண்ணாடியை மாத்தினாலே எவ்வளவோ குறைஞ்சிடும்."

"சார், இந்த ரூம்ல மத்தியானம் ஆள் இருக்க முடியாது."

"அது வேற பாடம்."

"அந்தப் பாடம் எந்த வாரம் சார்?"

அவர் அடுத்த கணினிக்கு நகர்ந்துவிட்டார்.

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். சேலத்தில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பள்ளிக்கூடத்துக்குள் என்னைச் சேர்க்கத்தான் முதன்முதலாக நுழைந்தார்.

"வாத்தியாரு என்ன சொல்றாரு கண்ணு?"

"வேற கட்டடம் எடுக்கச் சொல்றாருப்பா."

"அப்ப எடுத்துக்க. அவுங்க சொன்னபடி கேட்டுத்தான இவ்வளவு தூரம் போயிருக்கற."

அது உண்மை. கைகட்டி நின்று, சொன்னதைத் திரும்பச் சொல்லித்தான் நான் வகுப்பு வகுப்பாக ஏறினேன். எங்கள் வீட்டில் படிப்பு என்பதே அந்தப் பணிவுதான். ஆனால் இந்த வாத்தியார் சொல்வதற்குத் தலையாட்டினால், என் அறை நன்றாக இருக்கிறது என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதற்கு என் கை வரவில்லை.

வகுப்புக்கு வெளியே டீக்கடையில் ஓர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊர்ப் பவானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொறியாளர், அதே வகுப்பில் என்னோடு படிப்பவர். பேச்சில் வங்காளச் சொற்கள் கலந்து வரும்.

"ஷோனோ, நான் சொல்றதைக் கேளு. முதல்ல பாஸ் பண்ணு. புரட்சியை அப்பறம் பண்ணிக்கலாம்."

"குறைக்க ஒண்ணுமில்லைன்னா, என்னை மாதிரி ஆளுங்களுக்கு இந்தப் படிப்புல ஒண்ணுமில்லைன்னுதானே அக்கா அர்த்தம்?"

"தூர், லெக்சர் குடுக்காதே. டீ ஆறிப்போறது."

தேர்வு நாளில் மூன்று படங்களை மாட்டினேன். முதலாவது, அறை இப்போது இருக்கிறபடி: பச்சை. இரண்டாவது, அதே அறையில் ஏசி: சிவப்பு. மூன்றாவதில் தளத்துக்கு மேலே காற்று ஓட இடம் விட்டு ஒரு நிழல் கூரை, தளத்தில் வெள்ளைப் பூச்சு, தெற்கே ஒரு ஜன்னல். மறுபடி பச்சை.

"முதலுக்கும் மூணாவதுக்கும் சாஃப்ட்வேருக்கு வித்தியாசம் தெரியலை சார். அங்க படுக்கிற எனக்குத் தெரியும். மூணாவது இல்லைன்னா, சம்பளம் கூடின அன்னிக்கே நான் ரெண்டாவதுக்குப் போயிடுவேன். எங்க சந்து முழுக்க அப்படித்தான் போயிட்டிருக்கு."

"இப்ப இழுக்கறதுல எவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கே?" என்றார் பேராசிரியர்.

"ஜீரோ சார்."

"ஜீரோவுக்கு நான் எப்படி மார்க் போட?"

"போடாத ஏசியை எந்தக் கணக்குல சார் எழுதறது?"

அவர் பேனாவை மூடினார். வேறு கட்டடத்தோடு வந்தால் அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்பு என்றார்.

அடுத்த மாதம் போனேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"அதே ரூமா?"

"அதே ரூம்தான் சார். இப்ப ஒழுகுது. அதையும் சேர்த்திருக்கேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. சான்றிதழ் வரவில்லை.

அலுவலகத்துக்குச் செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. "ஒரு ரூமைப் பிடிச்சுத் தொங்கினியாமே?" என்றார் மேலாளர். "டீம்ல உனக்கு இடமில்லை. மொட்டைமாடி ரூம்தான் பிடிக்கும்னா டவர்லயும் ஒண்ணு இருக்கு. கக்கூஸோட சேர்த்து அதையும் வரைஞ்சு குடு."

டவரின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், காவலாளிகள் படுத்து எழுவதற்கான அறை அது. ஏசி கிடையாது. அதனால் யாருடைய கணக்கிலும் அது பாரமாக இல்லை. குத்திக்காட்டத்தான் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

மேலே இரண்டாவது கூரை, மேற்குச் சுவருக்கு நிழல், தெற்கே ஜன்னல் என்று வரைந்து கொடுத்தேன். சிவப்புப் பேனாவால் அடித்து, 'தேவையில்லை' என்று எழுதித் திருப்பினார்கள். அப்படியே மறுபடி வரைந்தேன். கீழேயிருந்து பார்த்தால் டவரின் அழகு கெடும் என்று எழுதி வந்தது. தெருவிலிருந்து தெரியாதபடி கூரையின் ஓரத்தை உள்ளே இழுத்து இன்னொரு முறை வரைந்து வைத்தேன்.

மேலாளர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"நீ விடமாட்டியா?"

"இல்லை சார்."

தாளை விரித்துப் பார்த்தார். எதுவும் எழுதாமல் எடுத்துக்கொண்டு போனார். அவர் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. தன் மேசைக்குப் போய் இதையும் அடித்துத் திருப்பலாம். அடித்தால் கொடுப்பதற்கு அடுத்த தாளைத் தொடங்கியிருந்தேன்.